சிவப்புத் தாள்

முப்பத்தொரு முகவரிகள்.
வாழைச்சேனையில் தொடங்கி
கல்குடா மணலில் முடியும் பட்டியல்.
ஒரு வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி,
படலை பூட்டியிருந்தால் பாதி,
நாய் கடித்தால் என் பாடு.
ஏணியைக் கூரையில் கட்டிய ஆட்டோவை
றிழ்வான் ஓட்டுவான்.
அவனுக்கும் லீசிங் பாக்கி.

வைக்கோலைக் கரைத்துத்
தாள் செய்த ஊர் இது.
பரீட்சைக்குத் தாளில்லை என்று
பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய வருஷத்திலும்
இந்தச் சிவப்புத் தாளுக்குத்
தட்டுப்பாடு வரவில்லை.

தவணை என்றால் எனக்கு
மூன்று மாதப் பள்ளிக்கூடம்.
செய்தியில் இப்போது அது வேறொன்று:
வொஷிங்டனிலிருந்து வரும்,
தாமதிக்கும்,
பரிசீலிக்கப்படும்.

நாலாம் இலக்கம், மீன்வாடி இன்னாசித்தம்பி
பில்லைச் சுருட்டிக் காதில் செருகியிருந்தார், பீடி மாதிரி.
"வெட்டு தம்பி,
கரண்ட் இல்லாத கடல்லதான் மீன் இரிக்கி."

ஒன்பதில் சுபைதா ராத்தா
நான் வருமுன்னமே
தையல் மெஷினின் மோட்டரைக் கழற்றி
மிதிபலகை பூட்டியிருந்தா.

பதினேழில் குளிர்சாதனப் பெட்டியைத்
திறந்து காட்டினார்கள்:
அரிசி, சீனி, பிறப்புச் சான்றிதழ்கள்.
எலி தொடாத ஒரே அலுமாரி.

பாசிக்குடா ஹோட்டல்களில்
பகலிலும் விளக்கெரிந்தது.
அவை என் பட்டியலில் இல்லை.
ஏன் என்று கேட்பது என் வேலையிலும் இல்லை.

இருபத்தாறு. செ. யோகநேசம்.
மூன்று மாத நிலுவை.
புருஷன் கட்டாரில்,
அங்கேயும் சம்பளம் நிலுவை.
தாளை வாங்கினாள், வாசிக்கவில்லை.
ரொட்டிக்கு மா குழைத்த கையோடு வந்திருந்தாள்.

கம்பத்தில் ஏணியைச் சாத்தினேன்.
ஒரு கால் புதைந்தது.
நிமிர்த்தினேன், மற்றக் கால் புதைந்தது.
றிழ்வான் ஆட்டோவுக்குள்ளிருந்து
லீசிங்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.
"பொறுங்க தம்பி, இது பூமணல்" என்று
பலகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள்.
பிறகு
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏறினேன்.
மேலிருந்து பார்க்க
அவள் வகிடு தெரிந்தது,
கூரைத் தகரத்தில் காயும் கருவாடு தெரிந்தது,
கடலில் ஒரு கப்பல்,
வருகிறதா போகிறதா தெரியவில்லை.
குறட்டை வைத்தேன். சின்னதாய் ஒரு பொறி.
வீட்டுக்குள் மின்விசிறி
நிற்க நேரமெடுத்தது.
அதன் கடைசிச் சுற்றுகள்
கம்பத்தின் உச்சிவரை கேட்டன.
ஒருமுறை அவள்
ஆட்டிவிட்டிருக்கலாம்.

"திரும்பப் பூட்ட எவ்வளவு?"
சொன்னேன்.
வெட்டின கூலியும் அதற்குள் அடக்கம்
என்பதையும் சொன்னேன்.
"அப்ப ஏணி பிடிச்சத்துக்குக்
கழிச்சிப் போடுங்க" என்றாள்.
சிரிக்கவில்லை. கணக்காகத்தான் கேட்டாள்.

மிச்சம் ஐந்து வீடு.
பெற்றோல் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.
பெற்றோல் இருந்தது.

இரவுச் செய்தியில் சொன்னார்கள்:
நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டுள்ளன.
அடுத்த தவணைக்கு அனுமதி.
கை குலுக்கினார்கள்,
கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் இருந்தது.
யார் நிறைவேற்றியது என்று சொல்லவில்லை.
சொல்வார்கள் என்று நான் இருக்கவுமில்லை.
ஆனாலும்
இருபத்தாறு, நான்.

என் மனைவி எழும்பிப்போய்
மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து
குசினி விளக்கை அணைத்தாள்.

நாளைக்கு ஏறாவூர்ப் பக்கம்.
ஏணியைத் துடைக்கப் போனேன்.
கால்களில் ஈர மணல், தட்டக் கொட்டுண்டது.
நெஞ்சுயரத்தில், இரண்டு பக்கமும்
காய்ந்து இறுகிய மா,
விரல் விரலாக.
நகத்தால் சுரண்டினேன்.
போக நேரமெடுத்தது.